இணைவு முறையும் மென்பொருள் பொறியியலும்: தமிழ்நாட்டுக் கல்வி வரலாற்றில் ஒரு கிளை

தமிழ்நாட்டில் மென்பொருள் பொறியியல் இன்று எவ்வாறு கற்பிக்கப்படுகிறது என்பதைத் தீர்மானித்ததில், கணிப்பொறி இந்நாட்டுக்கு வருவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்பே ஏற்பட்டுவிட்ட ஒரு தேர்வு ஏற்பாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. சார்லஸ் உட் 1854-இல் லண்டனிலிருந்து அனுப்பிய கல்விக் கடிதத்தின் வழியில், 1857-ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் சட்டத்தின் மூலம் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டபோது, அவற்றுக்கு முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளப்பட்டது, தானே பாடம் நடத்தாமல் பிற கல்லூரிகளின் மாணவர்களுக்குத் தேர்வு வைத்துப் பட்டம் வழங்கிவந்த லண்டன் பல்கலைக்கழகம். கல்லூரிகள் ஊர்தோறும் தனித்தனியே இயங்க, பாடத்திட்டம் வகுப்பதும் வினாத்தாள் தயாரிப்பதும் விடைத்தாள் திருத்துவதும் பட்டம் தருவதும் தலைநகரில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்திடம் இருக்கும் இந்த ஏற்பாடே இணைவு முறை எனப்படுகிறது.

இம்முறையில் பாடம் நடத்தும் ஆசிரியர் வேறு, கேள்வி கேட்பவர் வேறு, விடையை மதிப்பிடுபவர் வேறு. குறைந்த செலவில் பெரும் நிலப்பரப்பு முழுவதற்கும் ஒரே தரமுள்ள பட்டத்தை வழங்கவும், உள்ளூர்ச் சலுகைக்கும் சாய்வுக்கும் இடமின்றி மாணவனை அளக்கவும் இதைவிடச் சிக்கனமான வழி அக்கால அரசுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அதற்குப் பணம் ஒதுக்கியிருக்காது. ஆனால் வகுப்பறையில் புதிதாக ஒன்றைச் சொல்லித்தர விரும்பும் ஆசிரியருக்கு இதில் இடம் இல்லை. அவர் சொல்லித்தருவது தேர்வில் வராது, தேர்வில் வராததை மாணவர் படிப்பதில்லை. ஆகவே இந்த நிலத்தில் புதிய தொழில்நுட்பத் துறைகள் பெரும்பாலும் இணைவு முறைக்கு வெளியே உள்ள வாசல்கள் வழியாகவே நுழைந்தன என்பதும், நுழைந்தபின் அவை ஊரெங்கும் பரவியது இணைவு முறையின் வழியாகவே என்பதும் இந்த வரலாறு நெடுகிலும் திரும்பத் திரும்பக் காணக்கிடைக்கும் போக்கு ஆகும்.

1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிப் பின்னர் கிண்டியில் நிலைபெற்ற பொறியியல் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்ட கல்லூரியாகவே நூறாண்டுக்கும் மேல் இயங்கியது. பொதுப்பணித்துறைக்கும் இரயில்வேக்கும் மின்வாரியத்துக்கும் வேண்டிய கட்டடவியல், இயந்திரவியல், மின்னியல் ஆகிய துறைகள் நிலையான உள்ளடக்கம் உடையவை என்பதால், பத்தாண்டுக்கு ஒருமுறை பாடத்திட்டம் மாறினாலும் அங்கே பெரிய இழப்பு நேரவில்லை. எதிர்காலத் துறைகள் வந்த வழி வேறு. தொழிலதிபர் சி.ராஜம் 1949-இல் குரோம்பேட்டையில் நிறுவிய சென்னைத் தொழில்நுட்ப நிறுவனம், மின்னணுவியல், வானூர்திப் பொறியியல், கருவியியல், தானியங்கி ஊர்தியியல் ஆகிய பாடங்களை, நாட்டின் பல்கலைக்கழகங்கள் அவற்றைத் தனித்துறைகளாக ஏற்பதற்கு முன்பே, அறிவியல் பட்டதாரிகளுக்கு மூன்றாண்டுப் படிப்பாகத் தொடங்கித் தன் சொந்தப் பட்டயத்தை வழங்கியது. அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் அந்த வளாகத்தில் படித்தவர்கள். பல்கலைக்கழகப் பட்டம் என்ற முத்திரை இல்லாததைப் பொருட்படுத்தாமல் அங்கே சேர்ந்த அந்தத் தலைமுறையின் துணிவு இன்று எளிதில் விளங்காது.

கணிப்பொறிக் கல்விக்கும் இதே வகையில் ஒரு வெளிவாசல் தேவைப்பட்டது. ஒன்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கூட்டு உதவியோடு வளர்ந்த கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1963-ஆம் ஆண்டு ஐபிஎம் 1620 என்ற கணிப்பொறி நிறுவப்பட்டபோது, நாட்டில் முதன்முறையாகப் பொறியியல் மாணவர்கள் நிரல் எழுதுவதைத் தம் படிப்பின் பகுதியாகவே கற்கத் தொடங்கினர். தொழில்நுட்பக் கழகங்கள் தனிச் சட்டத்தின்கீழ்த் தாமே பட்டம் வழங்குபவை. அங்கே பாடம் நடத்தியவரே வினாத்தாள் தயாரித்தார், அவரே விடைத்தாளைத் திருத்தி எழுத்துத் தரம் இட்டார். எனவே சென்ற வாரம் வெளிவந்த ஆய்விதழில் படித்ததை அடுத்த வாரம் வகுப்பில் சொல்லி, அதிலிருந்தே கேள்வியும் கேட்க அவரால் முடிந்தது. கான்பூரில் கற்பித்த வி.ராஜாராமன் தம் வகுப்புக் குறிப்புகளை வளர்த்து 1969-இல் வெளியிட்ட நிரலாக்க நூல், கணிப்பொறியையே பார்த்திராத கல்லூரிகளுக்கும் போய்ச் சேர்ந்து இந்திய மாணவர் பல்லாயிரவருக்கு முதல் பாடநூல் ஆயிற்று. சென்னையைப் பொறுத்தவரை, கிண்டி வளாகத்தில் அடிப்படைப் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தில் அதே ஐபிஎம் 1620 வகைக் கணிப்பொறி 1960-களில் இயங்கியது. அருகிலேயே இருந்த சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு மேற்கு ஜெர்மனியின் உதவியால் 1973-இல் ஐபிஎம் 370 வந்தது.

இதற்கிடையில் வெளியுலகில் நிரல் எழுதுவதைப் பற்றிய கருத்தே மாறிக்கொண்டிருந்தது. 1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ அமைப்பின் ஆதரவில் கூடிய ஏறத்தாழ 50 வல்லுநர்கள், பெரிய நிரல் தொகுதிகள் குறித்த காலத்திலும் குறித்த செலவிலும் முடிவதில்லை, முடிந்தாலும் நம்பத்தகுந்தவையாக இருப்பதில்லை என்ற நெருக்கடியை விவாதித்து, அதற்கு மருந்தாக மென்பொருள் பொறியியல் என்ற பெயரை முன்வைத்தனர். ஒருவர் தனியே உட்கார்ந்து ஒரு கணக்குக்கு நிரல் எழுதி இயக்கிப் பார்ப்பது நிரலாக்கம். பலர் கூடி, செலவுக்கும் காலத்துக்கும் கட்டுப்பட்டு, எழுதியவர் வேலையை விட்டுப் போனபின்பும் வேறொருவர் படித்துத் திருத்தத்தக்க வகையில், பல ஆண்டு உழைக்கும் நிரல் தொகுதியை உருவாக்கும் முறையே மென்பொருள் பொறியியல். ஆகவே இது இயல்பிலேயே செய்து பழக வேண்டிய பாடம். கூட்டாகச் செய்ய வேண்டிய பாடம். பிறர் எழுதியதைப் படித்துத் தடுமாறிக் கற்க வேண்டிய பாடம். மூன்று மணி நேரம் தனி ஆளாக உட்கார்ந்து எழுதும் எழுத்துத் தேர்வுக்கு இதைவிடப் பொருந்தாத பாடம் ஒன்றைக் கண்டுபிடிப்பது கடினம்.

1978-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுத் தொழில்நுட்பக் கல்விக்கு ஒரு திருப்பம். கிண்டி பொறியியல் கல்லூரி, அதன் அருகிலிருந்த அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, கட்டடக்கலைப் பள்ளி, குரோம்பேட்டை நிறுவனம் ஆகிய நான்கையும் ஒன்றிணைத்து அந்த ஆண்டு செப்டம்பரில் நிறுவப்பட்ட பேரறிஞர் அண்ணா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், தொடக்கத்தில் இணைவுக் கல்லூரி எதுவும் இல்லாத ஒற்றை அமைப்பாகவே இருந்தது. அதே 1978-இல் கோத்தாரி கல்விக் குழுவின் பரிந்துரை செயலுக்கு வந்து, சில கல்லூரிகளுக்குத் தன்னாட்சி வழங்கப்பட்டது. பட்டத்தைப் பல்கலைக்கழகமே தந்தாலும், பாடத்திட்டத்தையும் தேர்வையும் கல்லூரியே கவனித்துக்கொள்வது தன்னாட்சி எனப்படுகிறது. கோவையில் பி.எஸ்.ஜி. டெக் என அழைக்கப்படும் பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரி அவ்வாறு தன்னாட்சி பெற்றது. பம்புசெட்டும் நெசவு இயந்திரமும் செய்யும் ஆலைகள் சூழ்ந்த ஊரில் அமைந்த அக்கல்லூரி, பின்னாளில் மென்பொருளுக்கென்றே ஐந்தாண்டு ஒருங்கிணைந்த முதுநிலைப் படிப்பைத் தொடங்க முடிந்ததற்கு இந்தத் தன்னாட்சி துணை நின்றது.

1980-களின் தொடக்கத்தில் இன்னொரு வாசலும் திறந்தது. கணிப்பொறித் துறைக்கு ஆள் போதாது என்பதை ஆராய மின்னணு ஆணையம் ராஜாராமன் தலைமையில் அமைத்த குழு, பொறியியல் படிக்காத இளநிலைப் பட்டதாரிகளும் சேரத்தக்க மூன்றாண்டு முதுநிலைக் கணிப்பொறிப் பயன்பாட்டுப் படிப்பைப் பரிந்துரைத்தது. எம்.சி.ஏ. என்று ஊரறிந்த அப்படிப்பில் கடைசிப் பருவம் முழுவதையும் மாணவர் ஒரு நிறுவனத்தில் திட்டப்பணி செய்து கழிக்க வேண்டும் என்ற விதி, செய்து கற்றலுக்கு இந்தியப் பல்கலைக்கழகச் சட்டகத்துக்குள் கிடைத்த முதல் பரவலான இடம் எனலாம். கல்லூரிக்கு வெளியே 1981-இல் தொடங்கிய என்.ஐ.ஐ.டி.யும் 1986-இல் தொடங்கிய ஆப்டெக்கும் பெருநகரங்களிலிருந்து மாவட்டத் தலைநகர்கள் வரை கிளை பரப்பி, காலையில் கல்லூரிக்கும் மாலையில் கணிப்பொறி வகுப்புக்கும் செல்லும் ஒரு தலைமுறையை உருவாக்கின. பட்டம் ஓரிடத்தில், பிழைப்புக்கான பயிற்சி வேறிடத்தில் என்ற பிரிவினை அப்போதே வேரூன்றிவிட்டது.

எண்ணிக்கையை மாற்றியது 1984. அரசிடம் புதிய பொறியியல் கல்லூரிகள் திறக்கப் பணம் இல்லை. மாணவர்களோ கர்நாடகத்துக்குச் சென்று நன்கொடை கொடுத்துப் பொறியியல் படித்துக்கொண்டிருந்தனர். இந்நிலையில் எம்.ஜி.ஆர். தலைமையிலான அரசு, அரசு உதவி பெறாமல் தம் சொந்த நிதியில் நடத்தப்படும் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி அளித்தது. சிவகாசியில் மெப்கோ ஷ்லெங்க், பெருந்துறையில் கொங்கு, கோவையில் குமரகுரு, வண்டலூரில் கிரசென்ட், கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம், வேலூரில் வேலூர் பொறியியல் கல்லூரி என அந்த ஆண்டே பல எழுந்தன. பட்டாசுத் தொழிலும் அச்சுத் தொழிலும் ஈட்டிய பணம், விவசாயக் குடும்பங்கள் கூடி அமைத்த அறக்கட்டளை, மதச் சிறுபான்மையினர் அறக்கட்டளை என அவற்றின் மூலதனம் பலவகைப்பட்டது. அவை அந்தந்த வட்டாரத்துப் பல்கலைக்கழகத்துடன், அதாவது சென்னை, மதுரை காமராசர், பாரதியார், பாரதிதாசன் முதலியவற்றுடன் இணைக்கப்பட்டன. பட்டறையும் ஆய்வகமும் பெரும் மூலதனம் கேட்கும் துறைகளைவிட, ஒரு கூடம் நிறையக் கணிப்பொறி வாங்கிவைத்தால் தொடங்கிவிடக்கூடிய கணிப்பொறி அறிவியல், நிர்வாகத்துக்கும் வசதியாக இருந்தது. 1991-க்குப் பிந்தைய தாராளமயமும் நூற்றாண்டு மாற்றத்தையொட்டிய 2000-ஆம் ஆண்டுச் சிக்கலைத் திருத்தும் வேலைகளும் அமெரிக்க வேலைவாய்ப்பைத் திறந்துவிட, அதுவே மாணவர் முதலில் கேட்கும் துறையாகவும் ஆயிற்று. சென்னை தரமணியில் மென்பொருள் நிறுவனங்களுக்கான டைடல் பூங்கா 2000-இல் திறக்கப்பட்டது.

அடுத்த ஆண்டு, 2001-இல், தமிழ்நாட்டு அரசு ஒரு சட்டத் திருத்தத்தின் மூலம் அண்ணா பல்கலைக்கழகத்தை இணைவுப் பல்கலைக்கழகமாக்கி, வெவ்வேறு பல்கலைக்கழகங்களின்கீழ் இருந்த பொறியியல் கல்லூரிகளை அதன் குடைக்கீழ் கொண்டுவந்தது. இணைவுச் சுமை இல்லாமல் உயர்கல்வி நடத்தவென்று 1978-இல் அமைக்கப்பட்ட நிறுவனமே, 23 ஆண்டுகளில் நாட்டின் மிகப்பெரிய இணைவு அமைப்புகளுள் ஒன்றாக மாறியது இந்த வரலாற்றின் முரண்களுள் தலையானது. அதே வேளையில் வேலூர் பொறியியல் கல்லூரி 2001-இலும், எஸ்.ஆர்.எம். பொறியியல் கல்லூரி 2002-இலும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களாகி, தாமே பட்டம் வழங்கும் உரிமையோடு வெளியேறின. வசதியும் பெயரும் பெற்ற கல்லூரிகள் இணைவிலிருந்து தப்பிக்கும் வழியைத் தேட, எஞ்சிய நூற்றுக்கணக்கான கல்லூரிகளுக்கு ஒரே பாடத்திட்டம், ஒரே நாளில் ஒரே வினாத்தாள் என்ற நிலை உருவாயிற்று. அடுத்த பத்தாண்டில் மாநிலத்தின் பொறியியல் கல்லூரிகளின் எண்ணிக்கை 500-ஐத் தாண்டியது.

இந்த இயந்திரம் இயங்கும் விதத்தைச் சற்று அருகிருந்து பார்ப்பது பயன்தரும். பல்கலைக்கழகம் ஏறத்தாழ நான்காண்டுக்கு ஒருமுறை பாடத்திட்டத்தையும் தேர்வு விதிகளையும் ஒருசேர மாற்றி வெளியிடும்; 2004, 2008, 2013, 2017, 2021 என்ற ஆண்டுகளின் பெயரால் அமைந்த இத்தொகுப்புகளை மாணவர்கள் ரெகுலேஷன் என்றே சொல்வர். ஒரு தொகுப்பின்கீழ்ச் சேர்ந்த மாணவர் முடித்து வெளியேறும்வரை அதன்படியே படிப்பதால், 2017-இல் செய்த திருத்தம் வேலைக்களத்தை எட்ட 2021 ஆகிறது. குறுகிய சுழற்சிகளில் எழுதி, வாடிக்கையாளரிடம் காட்டி, திருத்தி முன்னேறும் அஜைல் முறையின் கொள்கை அறிக்கை 2001-இல் வெளிவந்தது. கட்டாயப் பாடமான மென்பொருள் பொறியியலின் முதல் அலகில் அதற்குத் தனி இடம் கிடைத்தது 2017-ஆம் ஆண்டுத் தொகுப்பில். இதைப் பாடத்திட்டக் குழுவினரின் சோம்பல் என்று சொல்லிவிடுவது நியாயம் ஆகாது. நூற்றுக்கணக்கான கல்லூரிகளில் ஒரு பாடத்தை மாற்றுவதென்றால் அத்தனை இடங்களிலும் அதைச் சொல்லித்தர ஆள் வேண்டும், நூலகத்தில் நூல் வேண்டும், பழைய தொகுப்பில் தோற்று அரியர் வைத்திருக்கும் மாணவர்களுக்குப் பழைய வினாத்தாளும் தொடர்ந்து தயாராக வேண்டும்.

பாடம் ஐந்து அலகுகளாகப் பகுக்கப்படும். நீண்டகாலம் நடைமுறையில் இருந்த வினாத்தாள் அமைப்பின்படி, இரண்டு மதிப்பெண் வினாக்கள் 10, அலகுக்கு ஒன்றாக 16 மதிப்பெண் வினாக்கள் 5, ஆக மொத்தம் 100; உட்தேர்வுக்கு 20 விழுக்காடும் பல்கலைக்கழகத் தேர்வுக்கு 80 விழுக்காடும் கணக்கில் கொள்ளப்பட்டன. விடைத்தாள்கள் பெயரும் எண்ணும் மறைக்கப்பட்டு மண்டல மதிப்பீட்டு மையங்களுக்குச் செல்லும். அங்கே வேறு கல்லூரியைச் சேர்ந்த ஆசிரியர், முன்கூட்டியே தரப்பட்ட விடைக்குறிப்பை வைத்து, ஒரு நாளில் பல பத்துத் தாள்களைத் திருத்தியாக வேண்டும். முகம் தெரியாத மாணவரின் விடையை முகம் தெரியாத ஆசிரியர் அளக்கும் இவ்விடத்தில், எது சரியென்று ஐயமின்றிச் சொல்லத்தக்கதோ அது மட்டுமே கேள்வியாக முடியும். ஆகவே வரையறை, வகைப்பாடு, படம், வேறுபாடு, நன்மை தீமை ஆகிய ஐந்து வடிவங்களுக்குள் பாடம் தானே சுருங்கிக்கொண்டது.

எடுத்துக்காட்டாக, கோகோமோ எனப்படும் மதிப்பீட்டு முறையைக் கொள்ளலாம். பாரி போம் என்ற அமெரிக்க வல்லுநர், தாம் தரவு திரட்டிய 63 திட்டங்களின் அனுபவத்திலிருந்து, ஒரு மென்பொருளின் நீளம் தெரிந்தால் அதற்கு வேண்டிய உழைப்பை எவ்வாறு கணிக்கலாம் என 1981-இல் வெளியிட்ட சூத்திரம் அது. 32,000 வரி கொண்ட எளிய வகைத் திட்டம் என்று கேள்வி வந்தால், மாணவர் 32-ஐ 1.05 என்ற அடுக்குக்கு உயர்த்தி 2.4-ஆல் பெருக்கி, 91 ஆள்-மாதம் என எழுதுவார், அதை 0.38 என்ற அடுக்குக்கு உயர்த்தி 2.5-ஆல் பெருக்கி, 14 மாதம் என முடிப்பார். முழு மதிப்பெண்ணும் கிடைக்கும். எழுதத் தொடங்குமுன்பே அது 32,000 வரி வரும் என்று யார், எப்படிச் சொன்னார்கள் என்பதே இந்தத் துறையின் உண்மையான சிக்கல். அதை வினாத்தாள் கொடுக்கப்பட்டதாக வைத்துக்கொள்கிறது. அருவி மாதிரியின் கதையும் இத்தகையதே. தேவை அறிதல், வடிவமைத்தல், எழுதுதல், சோதித்தல், பராமரித்தல் என ஒன்றன்கீழ் ஒன்றாகப் படிகள் இறங்கும் படத்தை வரையாமல் பட்டம் பெற்றவர் இருக்க முடியாது. 1970-இல் அவ்வகைப் படத்தைத் தம் கட்டுரையில் வரைந்த வின்ஸ்டன் ராய்ஸ், அதனை அப்படியே பின்பற்றுவது ஆபத்தானது என எச்சரித்து, முன்நிலைகளுக்குத் திரும்பிச் செல்லவும் முதலில் ஒரு முன்மாதிரி செய்து பார்க்கவும் வழி சொல்லியிருந்தார். படம் நின்றது, எச்சரிக்கை தீமைகள் என்ற தலைப்பின்கீழ் மூன்று வரியாக ஒடுங்கிற்று.

ஆய்வகம் இக்குறையை ஈடுசெய்திருக்க வேண்டும். பொருள்நோக்கு வடிவமைப்புக்கான ஆய்வகப் பாடத்தில், மாணவர் செய்யத்தக்க சிறு திட்டங்களின் பட்டியலைப் பல்கலைக்கழகமே அச்சிட்டுத் தந்தது. கடவுச்சீட்டுத் தானியக்க முறை, புத்தக வங்கி, தேர்வுப் பதிவு, சரக்கு இருப்பு, பயணச்சீட்டு முன்பதிவு, கடன் அட்டைச் செயலாக்கம் என அது நீளும். ஒவ்வொன்றுக்கும் பயன்பாட்டுப் படம், வகுப்புப் படம், வரிசைப் படம் முதலியவற்றை வரைந்து ரெகார்டு நோட்டில் ஒட்டி, வெளிக்கல்லூரியிலிருந்து வரும் எக்ஸ்டர்னலிடம் கையொப்பம் பெறுவது நடைமுறை. பட்டியல் ஆண்டுதோறும் ஒன்றே என்பதால் ரெகார்டும் மூத்த மாணவரிடமிருந்து இளையவருக்குக் கைமாறியது. இதனிடையே வெளியுறவு அமைச்சகம், டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனத்தின் துணையோடு, 2010-இல் சோதனை முறையில் தொடங்கி நாடெங்கும் கடவுச்சீட்டுச் சேவையை உண்மையிலேயே கணினிமயமாக்கி முடித்தது. அந்த நிறுவனத்தில் பணியாற்றியவர்களில் எத்தனையோ பேர் கல்லூரியில் அதே பெயருள்ள படங்களை வரைந்தவர்களாக இருந்திருக்கலாம். 2021-ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் கடவுச்சீட்டு பட்டியலின் முதல் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

ஒரே வினாத்தாள் பெரும் சந்தையையும் உருவாக்கியது. பாடத்திட்டம் பரிந்துரைத்த பிரெஸ்மன், சம்மர்வில் ஆகியோரின் தடித்த நூல்கள் நூலகத்தில் இருக்க, அலகு வரிசைப்படி முந்தைய வினாக்களுக்கு விடை தொகுத்த மலிவுப் பதிப்புகள் மாணவர் கைக்கு வந்தன. லோக்கல் ஆதர் புக் என்பது அவற்றுக்கு மாணவர் இட்ட பெயர். இறுதியாண்டுத் திட்டப்பணிக்கோ நகரங்கள்தோறும் பிராஜெக்ட் சென்டர்கள் தோன்றி, தலைப்பு, நிரல், அறிக்கை, வாய்மொழித் தேர்வுக்கான கேள்வி பதில் ஆகிய அனைத்தையும் ஒரே விலைக்குத் தந்தன. மென்பொருள் நிறுவனங்கள் கல்லூரி ஆசிரியரைவிடப் பன்மடங்கு ஊதியம் கொடுத்த காலத்தில், தொழிலில் பழகியவர் வகுப்பறைக்கு வரவில்லை; படித்து முடித்த அதே பாடத்திட்டத்தையே அடுத்த ஆண்டு நடத்துவதற்கு இளம் ஆசிரியர்கள் வந்தனர் என்பதையும் இதனோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

வேலை கொடுத்த நிறுவனங்கள் இதை அறியாதவை அல்ல. அவை பட்டத்தை அறிவின் சான்றாகக் கொள்ளாமல் ஆளைச் சலிக்கும் சல்லடையாகக் கொண்டன: பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மூன்றிலும் 60 விழுக்காடு, நிலுவையில் அரியர் கூடாது என்பதே வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனங்களின் வழக்கமான வாசற்படி. இயந்திரவியலும் கட்டடவியலும் படித்தவர்களைக்கூட ஆயிரக்கணக்கில் எடுத்து, சில மாதங்கள் சம்பளம் கொடுத்துத் தாமே கற்பித்தன. இன்ஃபோசிஸ் நிறுவனம் மைசூரில் எழுப்பிய பயிற்சி வளாகம், விடுதியும் தேர்வும் தேறாதவரை வெளியேற்றும் விதியும் கொண்ட, பட்டம் தராத ஒரு பல்கலைக்கழகமே. 2004-இல் அந்நிறுவனம் கேம்பஸ் கனெக்ட் என்ற திட்டத்தின் மூலம் தன் பயிற்சிப் பாடங்களைக் கல்லூரிகளுக்குத் தர முன்வந்தது. இன்னொரு பக்கம், பட்டம் வழங்கும் உரிமை தன் கையிலேயே இருந்த பிலானி பிர்லா கழகம், மாணவர் தொழிலகத்தில் தங்கிக் கற்கும் பயிற்சிப் பள்ளி முறையை 1970-களிலேயே வகுத்திருந்தது. 1995-இல் விப்ரோ நிறுவனத்தோடு சேர்ந்து, அறிவியல் பட்டதாரிகள் வேலை பார்த்துக்கொண்டே மென்பொருள் பொறியியலில் முதுநிலைப் பட்டம் பெறும் திட்டத்தையும் தொடங்கியது. வார நாட்களில் வாடிக்கையாளரின் நிரலில் பிழை திருத்தியவர், வார இறுதியில் அதே வேலைக்கான கோட்பாட்டை வகுப்பில் கேட்டார். இணைவுக் கல்லூரியில் இப்படி ஓர் ஏற்பாட்டை நினைத்துப் பார்க்கவும் வழியில்லை. அங்கே வினாத்தாள் எழுதுபவருக்கு அந்த மாணவர் எங்கே வேலை செய்கிறார் என்பது தெரியாது.

இவ்வளவையும் சொன்னபின், இணைவு முறை செய்த ஒன்றை மறுப்பதற்கில்லை. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வும், அதையொட்டி அரசு நிர்ணயித்த கட்டணமும், 2007 முதல் நுழைவுத்தேர்வு இன்றிப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணாலேயே சேர்க்கை என்ற சட்டமும், 2010-இல் வந்த முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான கட்டணச் சலுகையும் சேர்ந்து, கல்லூரி வாசலையே மிதித்திராத குடும்பங்களின் பிள்ளைகளைப் பொறியியலுக்குள் கொண்டுவந்தன. அவர்கள் படித்த கல்லூரியின் பெயர் மாவட்டத்துக்கு வெளியே யாருக்கும் தெரியாது; சான்றிதழில் இருந்த அண்ணா பல்கலைக்கழகம் என்ற பெயர் பெங்களூரிலும் நியூஜெர்சியிலும் தெரிந்திருந்தது. வினாத்தாள் ஒன்றாக இருந்ததால்தான் அந்தப் பெயருக்கு அங்கே மதிப்பு இருந்தது. ஆசிரியருக்கு முழு உரிமை கொடுக்கும் முறை நல்ல ஆசிரியர் உள்ள இடத்தில் மட்டுமே நன்மை தரும். ஆசிரியரே இல்லாத கல்லூரியில், மோசமான பொது வினாத்தாளும் ஒரு காவல்தான்.

அரசுக்கும் இம்முறையின் பாரம் தெரிந்தே இருந்தது. 2007-இல் அண்ணா பல்கலைக்கழகத்தைப் பிரித்துத் திருச்சிராப்பள்ளி, கோவை, திருநெல்வேலி ஆகிய இடங்களில் தனித்தனிப் பல்கலைக்கழகங்கள் அமைக்கப்பட்டன. பின்னர் மதுரையும் சேர்ந்தது. ஆட்சி மாறியபின் 2012-இல் அவை மீண்டும் ஒன்றாக இணைக்கப்பட்டன. ஐந்தாண்டு ஆயுளில் அவை வெவ்வேறு பாடத்திட்ட மரபுகளை வளர்க்க அவகாசம் பெறவில்லை. பொறியியல் பட்டங்களைப் பன்னாட்டளவில் ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2014-இல் நிரந்தர உறுப்பாகியபின், மாணவர் என்ன எழுதினார் என்பதைவிட என்ன செய்ய வல்லவரானார் என்பதை அளக்கும் விளைவு சார் கல்வி அறிமுகமாயிற்று. கருத்து நல்லது, கல்லூரிகளில் அது பாட விளைவுக்கும் பட்ட விளைவுக்கும் 1, 2, 3 என எண் இட்டு நிரப்பும் அட்டவணையாக வந்து சேர்ந்தது, அட்டவணை நிரப்புவது ஆசிரியர்களின் மாலைப் பொழுதை எடுத்துக்கொண்டது.

2021-ஆம் ஆண்டுத் தொகுப்பு முந்தையவற்றைவிடத் துணிந்தது. பொருள்நோக்கு மென்பொருள் பொறியியல் என்று பெயர் மாறிய பாடம், வகுப்பும் ஆய்வகமும் ஒன்றிணைந்த நான்கு மதிப்பீட்டுப் புள்ளிப் பாடம் ஆயிற்று. அத்தகைய பாடங்களில் மதிப்பெண்ணில் பாதியைக் கல்லூரியே உட்தேர்வில் இடலாம் என்பதால், பாடம் நடத்தியவரின் கைக்கு அளவிடும் உரிமை ஓரளவு திரும்பியது. 2022 மார்ச்சில் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய நான் முதல்வன் என்ற திறன் பயிற்சித் திட்டத்தின்கீழ், நிறுவனங்கள் வடிவமைத்த பயிற்சிகள் பருவத்துக்குள்ளேயே மதிப்பீட்டுப் புள்ளியோடு இடம்பெற்றன. மாலையில் தனி வகுப்புக்குப் போய்ப் பெற்றதைப் பல்கலைக்கழகம் தன் அட்டவணைக்குள் ஏற்றுக்கொள்ள நாற்பது ஆண்டு ஆகியிருக்கிறது. அதற்கு ஈராண்டு முன்பு, 2020-இல், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம், கூட்டு நுழைவுத்தேர்வு இன்றி எவரும் தகுதித் தேர்வெழுதிச் சேரக்கூடிய நிரலாக்க, தரவு அறிவியல் படிப்பை இணையவழியில் தொடங்கியது. பாடம் காணொளியில், எழுத்துத் தேர்வு ஊர்தோறும் உள்ள மையங்களில், நிரல் தேர்வு கண்காணிப்பின்கீழ்க் கணிப்பொறியில். மாணவர் எழுதிய நிரல் அங்கேயே இயங்கிச் சரியான விடை தந்தால்தான் மதிப்பெண். பல்லாயிரம் மாணவர்களுக்கு நடக்கும் அந்தத் தேர்விலும், கேள்வி கேட்பவர் பாடம் நடத்திய ஆசிரியரே.